பத்து நூல் போலீஸ் நாவல் வரிசை: மொத்தமாக வாங்கலாமா?

கேள்வி (பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி): சார், நான் பள்ளி நாட்களில் பாக்கெட் நாவல் படித்து வளர்ந்தவள். இப்போது ஆபீஸ் தோழி ஒருத்தி, ஸ்வீடன் நாட்டு மார்ட்டின் பெக் போலீஸ் நாவல் வரிசையைப் படித்தே ஆகவேண்டும் என்று நச்சரிக்கிறாள். ஆங்கில மொழிபெயர்ப்பில் மொத்தம் பத்து நூல்கள், ஆன்லைனில் பத்தையும் கூடையில் போட்டுப் பார்த்தால் நாலாயிரத்தை நெருங்குகிறது. வாசகர் கருத்துகளோ தலையைச் சுற்ற வைக்கின்றன. ஒருவர் 'இதற்கு இணையே இல்லை' என்கிறார், அடுத்தவர் 'ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை, காசு தண்டம்' என்கிறார். யாரை நம்புவது?

பதில்: மொத்தமாக வாங்காதீர்கள். முதல் நூலை மட்டும் வாங்குங்கள், முடிந்தால் பழைய புத்தகமாக. அது பிடித்தால் மற்றவை எங்கும் ஓடிவிடாது.

யாரை நம்புவது என்றால், இருவரையுமே நம்பலாம். ஒரே விஷயத்தைத்தான் இருவரும் சொல்கிறார்கள், ஒருவருக்கு அது பிடித்திருக்கிறது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. முதல் நூலான 'ரோசன்னா' 1965-இல் வந்தது. ஸ்வீடனில் ஒரு கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆகிறது. நடுவில் எதுவுமே நடப்பதில்லை, அதாவது நம் பாக்கெட் நாவல் கணக்கில் எதுவும் நடப்பதில்லை. போலீஸ்காரர்கள் போன் பேசுகிறார்கள், கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள், விசாரிக்கும் அதிகாரி மார்ட்டின் பெக்குக்கு ஜலதோஷம் பிடிக்கிறது, வயிறு சரியில்லை, வீட்டில் மனைவியோடு பேச்சு குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் அமெரிக்காவில் ஒரு ஊரிலிருந்து தகவல் வருகிறது, அவள் பெயர் தெரிகிறது. அந்தப் பெண் பயணம் செய்த படகில் இருந்த சுற்றுலாப் பயணிகளுக்கெல்லாம் எழுதிப்போட்டு, அவர்கள் விடுமுறையில் எடுத்த படங்களை வரவழைத்து, ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். அந்த இடத்தை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன், இரண்டு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் 96 பக்கத்துக்குள் குற்றவாளி கையில் விலங்கு ஏறவேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அதே இடம் சலிப்பாகத்தான் இருக்கும், அவர் சொல்வதிலும் பொய் இல்லை.

அதனால் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று படியுங்கள், அந்தக் குறை உங்களுக்கும் குறையா என்று பாருங்கள். இந்த வரிசைக்கு வரும் குறைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் மூன்றுதான். மெதுவாகப் போகிறது என்பது ஒன்று. காலம் பழையது என்பது இன்னொன்று: மொபைல் இல்லை, மரபணுச் சோதனை இல்லை, எல்லோரும் எந்நேரமும் புகைபிடிக்கிறார்கள், பெண்களைப் பற்றிப் பேசும் விதம் சில இடங்களில் நெருடும். அந்தக் கடைசிப் புகார் நியாயமானது, நீங்கள் தெரிந்துகொண்டே வாங்கவேண்டும். மூன்றாவது, போகப் போக அரசியல் பேசுகிறது என்பது. அதுவும் நிஜம்தான், ஆனால் அது தற்செயலாக வந்ததில்லை. எழுதியவர்கள் மாய் ஷோவால், பெர் வாலூ என்ற இணையர், இருவரும் இடதுசாரிகள், பத்திரிகையாளர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதினார்கள். பத்து நூல் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஒரு குற்றத்தின் கதை' என்று துணைத்தலைப்பு வைத்தார்கள். எல்லோரையும் காப்பாற்றுவதாகச் சொல்லும் அரசு ஏழை எளியவர்களைக் கைவிடுவதுதான் அவர்கள் சொல்லவந்த அந்தக் குற்றம். ஆறாவது நூலில் ஒரு பெரிய தொழிலதிபர் ஹோட்டல் விருந்தில் பேசிக்கொண்டிருக்கும்போது சுடப்படுகிறார், அங்கிருந்து இந்தக் குரல் உரக்கக் கேட்க ஆரம்பிக்கும். எனக்கு அது பிடிக்கும். எட்டாவது நூலில் வங்கிக் கொள்ளையர்களைத் துரத்தும் சிறப்புப் படையை வைத்து அடிக்கும் கேலி மட்டும் எனக்கு நீளமாகப் பட்டது. பத்தாவது 1975-இல் வந்தது, அதே ஆண்டு வாலூ காலமானார், வரிசையும் அதோடு முடிந்தது.

வரிசை நாவல்களை வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பின்னால் வரும் நூல்களுக்குக் கூடுதல் நட்சத்திரம் இருப்பதைப் பார்த்து, அப்படியென்றால் போகப் போக நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துவிடுவோம். ஒன்பதாவது நூலைப் பற்றி எழுதுகிறவர் யார்? முந்தைய எட்டையும் விரும்பிப் படித்தவர். முதல் நூலிலேயே வெறுத்துப்போனவர் அங்கே வந்து எழுதப் போவதே இல்லை. ஆகவே உங்களைப் போல் புதிதாக வருகிறவர் முதல் நூலின் கருத்துகளை மட்டும் பாருங்கள், அங்கேதான் பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அதிலும் 'அட்டை கிழிந்து வந்தது', 'டெலிவரி தாமதம்' என்று ஒரு நட்சத்திரம் போட்டவர்களைக் கழித்துவிடுங்கள். பல தளங்களில் காகிதப் பதிப்பு, மின்நூல், ஒலிநூல் எல்லாவற்றின் கருத்துகளும் ஒரே குவியலாகக் கிடக்கும், எழுதியவர் எதை வாங்கினார் என்பதையும் பாருங்கள். ஆன்லைன் வாசகர் கருத்துகள் எப்படித் திரட்டப்படவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பின்பற்றுவது, கட்டாயமில்லை.

எங்கே வாங்குவது? நீங்கள் அல்சூரில் இருக்கிறீர்கள், மெட்ரோ ஏறினால் எம்.ஜி. ரோடு இரண்டு ஸ்டேஷன்களில் வந்துவிடும், இறங்கி நடந்தால் சர்ச் ஸ்ட்ரீட். பிளாசம், புக்வார்ம் என்ற புத்தகக் கடைகள் இரண்டிலும் புதியதும் பழையதும் கிடைக்கும். அங்கே தேடும்போது எஸ் வரிசையில் ஷோவால் இல்லையென்றால் கிளம்பிவிடாதீர்கள், டபிள்யூ வரிசையில் வாலூ பெயரில் ஒருமுறை பாருங்கள். இரண்டு ஆசிரியர் புத்தகங்கள் இப்படித்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

வரிசைப்படிதான் படிக்கவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடையில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் நான்காவது நூல், 'த லாஃபிங் போலீஸ்மேன்'. 1971-இல் மர்மக் கதைகளுக்கான அமெரிக்காவின் எட்கர் விருது வாங்கியது, அதனால் அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை முதலில் எடுக்காதீர்கள். ஸ்டாக்ஹோம் நகரப் பேருந்து ஒன்றில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டில் ஆரம்பிக்கிறது, முதல் மூன்று நூல்களின் ஆட்களை உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த அடி விழவேண்டிய இடத்தில் விழும். அப்புறம், சில பதிப்புகளில் வேறு எழுத்தாளர்களின் முன்னுரை இருக்கும், அதைக் கடைசியில் படியுங்கள். பின்னட்டைக் குறிப்பையும் பார்க்காமல் விடுவது நல்லது, ஏழாவது நூலின் முடிவை எட்டாவது நூலின் பின்னட்டையே போட்டு உடைத்துவிடும் ஆபத்து உண்டு.

கேள்வி (கம்மனஹள்ளி வாசகர்): வேறொரு போலீஸ் நாவல் வரிசையில் மூன்றாவது நூலை ஆன்லைனில் வாங்கினேன். மூன்று வாரம் கழித்துத்தான் படிக்க எடுத்தேன், நடுவில் பக்கங்கள் இல்லை. காகிதமும் மட்டமாக இருக்கிறது. விற்றவர் 'ஏழு நாளுக்குள் சொல்லியிருக்கவேண்டும்' என்கிறார். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் இல்லை. எனக்கும் இது நடந்திருக்கிறது. 144-ஆம் பக்கத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் சந்தேக நபரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், பக்கத்தைத் திருப்பினால் 161, யாரோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள். சரியாக 16 பக்கம், அதாவது அச்சகத்தில் சொல்வதுபோல் ஒரு பாரம் காணவில்லை. கதவைத் திறந்தது யார் என்று தெரியாமல் அன்று இரவு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். எட்டு, 16, 32 என்று கணக்காகப் பக்கம் விட்டுப்போயிருந்து மற்றபடி அச்சு தெளிவாக இருந்தால் அது பைண்டிங் கோளாறு. பதிப்பகத்துக்குப் படத்தோடு எழுதினால் மாற்றித்தர வாய்ப்பு அதிகம். எழுத்து ஜெராக்ஸ் எடுத்ததுபோல் மங்கி, வரிகள் சாய்ந்து, அடுத்த பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்து, முதுகு விரித்தவுடன் பசை விட்டுப்போனால் அது கள்ளப் பதிப்பு. அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அட்டையை நன்றாகத்தான் போடுவார்கள்.

இரண்டிலும் சட்டம் உங்கள் பக்கம். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, குறையுள்ள பொருளையோ போலியையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையோ விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. ஏழு நாள் கெடு என்பது அவர் கடையின் வழக்கம், அதை வைத்து விதியை மீற முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். விட்டுப்போன பக்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பக்கங்களும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து, பில்லோடு சேர்த்து அனுப்புங்கள். போனில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், பேசியதற்குச் சாட்சி இருக்காது. அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முந்நூறு ரூபாய் புத்தகத்துக்கு யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்று விற்பவர் நினைக்கிறார். புகாரில் விதியின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாலே பலருக்குப் பணம் திரும்பி வந்துவிடுகிறது. எனக்கும் இரண்டாவது மின்னஞ்சலிலேயே வந்துவிட்டது.

கேள்வி (வைட்ஃபீல்டிலிருந்து): வாடகை வீடு, வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறோம். இப்படிப்பட்ட வரிசைகளை மின்நூலாக வாங்குவது மேல்தானே?

பதில்: இடப் பிரச்சினைக்கு மேல்தான். ஆனால் மின்நூலில் நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமையை மட்டும், புத்தகத்தை இல்லை. படித்து முடித்து விற்க முடியாது, பெரும்பாலும் தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. 2009-இல் அமேசான் கிண்டிலில் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய சில நூல்கள் உரிமைச் சிக்கலால் அவர்கள் கருவியிலிருந்தே அழிக்கப்பட்டன, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். நான் செய்வது இதுதான்: மின்நூல் தளத்தில் முதல் நூலின் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் படிப்பேன். பிடித்தால் பழைய புத்தகமாகத் தேடி வாங்குவேன், படித்ததைப் பழைய புத்தகக் கடையில் கொடுத்துக் கழித்துக்கொண்டு அடுத்ததை எடுப்பேன். இப்படிப் போனால் வீட்டில் ஒரு சமயத்தில் இரண்டு புத்தகத்துக்கு மேல் சேராது.

பழையதாக எடுக்கும்போது மட்டும் கவுண்டருக்குப் போவதற்கு முன்னால் கடைசித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கதையைப் படித்துவிடாமல், பக்க எண்ணை மட்டும்.