இந்துப் பண்டிகைகள் என்றாலே கடைக்குப் போவது என்றாகிவிட்டதா? எளிமையாக, தானதர்மத்தோடு கொண்டாடுவது இன்று முடியுமா?

முடியும். அதற்காக நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கேள்வி கேட்டவர், தீபாவளிக்கு வாங்கிய கடனைத் தை மாதம் வரை அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். "சாமி கும்பிட இவ்வளவு வாங்கித்தான் ஆகணுமா?" என்றும் கேட்டிருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்ப் புரட்டாசி சனிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

நான் வளர்ந்தது செய்யாறு பக்கம். எங்களுக்குப் பெருமாள் குலதெய்வம். புரட்டாசி சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்ததும் அப்பா எங்கள் மூன்று பேர் நெற்றியிலும் நாமம் இடுவார். புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்புக்கும் நாமம் இட்டு, அதன் கழுத்தில் துளசியைச் சுற்றி என் கையில் கொடுப்பார். தெருவில் இறங்கி "கோவிந்தா... கோவிந்தா" என்று குரல் கொடுத்தபடி வீடு வீடாகப் போவோம். அரிசி பிச்சை கேட்கத்தான். வீட்டில் அரிசி மூட்டை இருக்கும். இருந்தாலும் அன்றைக்குப் பெருமாளுக்குத் தளிகை போடுவது அந்தச் சொம்பில் விழுகிற அரிசியில்தான்.

அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். வார நாட்களில் அவரிடம் கடன் கேட்டு வந்து நின்றவர்கள் வீட்டு வாசலிலும் அன்று அவர் சட்டையில்லாமல் வேட்டியோடு நிற்பார். தெருக்கோடியில் தனியாக இருந்த ஓர் ஆயா முறுக்கு சுட்டு விற்றுப் பிழைத்தார். ஒரு வருடம் நான் அவர் வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "அவங்களே கஷ்டப்படறாங்கப்பா" என்றேன். "அந்த வீட்டை விட்டுட்டுப் போனா அவங்களுக்கு அது அவமானம். போய்க் கேளு" என்றார் அப்பா. ஆயா ரேஷன் அரிசியை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். சொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார். மத்தியானம் எங்கள் வீட்டில் இலை போட்டபோது முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்தச் சோற்றின் பதம் இன்னும் நாக்கில் இருக்கிறது. ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒரே பானையில் விழுந்ததால் சில பருக்கை குழைந்திருக்கும், சில பருக்கை நறுக்கென்று இருக்கும். மற்ற நாட்களில் சோறு கொஞ்சம் குழைந்தாலே அம்மாவுக்கு மனசு ஆறாது. அன்று மட்டும் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

தமிழில் 'வாங்குவது' என்றால் காசு கொடுத்து வாங்குவதும்தான், கை நீட்டி வாங்கிக்கொள்வதும்தான். எங்கள் ஊரில் பண்டிகை என்பது பெரும்பாலும் இரண்டாவது வாங்குதலாகத்தான் இருந்தது. ஒருவர் கொடுப்பார், ஒருவர் வாங்குவார், மறுநாள் கை மாறும். அது மெல்ல மெல்ல நின்றுபோய், கடையில் வாங்குவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு வலிப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

புரட்டாசி சனிக்கு எங்கள் வீட்டில் சொல்லும் கதையே தங்கத்தைப் பற்றியதுதான். தொண்டைமான் சக்கரவர்த்தி திருமலைப் பெருமாளுக்குத் தினமும் பொற்பூக்களால் அர்ச்சனை செய்வாராம். ஒரு நாள் வந்து பார்த்தால் அவர் போட்ட பொன்னெல்லாம் ஒதுங்கிக் கிடக்க, மேலே களிமண் பூக்கள் இருந்தனவாம். பீமன் என்ற குயவன், கோயிலுக்குப் போக நேரமில்லாமல், தான் மண்ணில் செய்துவைத்த பெருமாளுக்கு வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய களிமண்ணையே பூவாக்கிப் போட்டு வந்த பூக்கள் அவை. திருமலையில் இன்றைக்கும் மண்சட்டியில் நைவேத்தியம் உண்டு என்பதை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார் பாட்டி. உலகத்திலேயே பணக்காரச் சாமி என்று நாம் சொல்கிற சாமியின் கதை இது.

ஆடி மாதத்தைப் பாருங்கள். விதைக்கிற காலம். பழைய நெல் தீரும், புதிய நெல் வர மாதக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில்தான் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகும் நொய்யும் வாங்கி, அண்டா அண்டாவாகக் காய்ச்சி, தூக்குவாளியோடு வருகிற யாருக்கும் ஊற்றுவார்கள். நீ யார், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அதே ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஜவுளி வியாபாரம் படுத்துவிடும்; அதைத் தூக்கி நிறுத்த வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. என் பிள்ளைகளின் வகுப்பில் 'ஆடி' என்றதும் எது நினைவுக்கு வரும் என்று கேட்டால் பெரும்பாலும் தள்ளுபடி என்றுதான் பதில் வரும். சமயபுரத்தில் அம்மனே மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று தெய்வம் விரதம் இருக்கிறது. அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது; இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு, வெள்ளரிப்பிஞ்சு போன்றவைதான். நம் தெய்வங்களுக்கே எளிமை இவ்வளவு பழக்கமாக இருக்கிறது.

அட்சய திருதியை விஷயத்தில்தான் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்படும். என் சிறுவயதில் அந்த நாளுக்கு எங்கள் தெருவில் யாரும் நகைக்கடைக்குப் போனதில்லை. பாட்டி அன்றைக்கு ஒரு பானைத் தண்ணீரும் பனையோலை விசிறியும் யாருக்காவது கொடுப்பார். பெரியவர்கள் அந்த நாளுக்குச் சொல்லும் தானங்களைக் கவனியுங்கள்: தண்ணீர்க்குடம், விசிறி, குடை, செருப்பு, தயிர்சாதம், மோர். எல்லாமே வெயிலுக்கானவை. சித்திரை, வைகாசி வெயிலில் வெறுங்காலோடு நடந்து போகிறவனை நினைத்துப் போட்ட பட்டியல் அது. 'அட்சயம்' என்றால் குறையாதது. கொடுத்தால் குறையாது என்பதற்காக வந்த நாள், வாங்கினால் பெருகும் என்று மாறியது விளம்பரங்களால். அந்த நாளோடு சேர்த்துச் சொல்கிற குசேலர் கதையிலும், குசேலர் எதையும் வாங்கவில்லை. கிழிந்த துணியில் முடிந்த ஒரு பிடி அவலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்கத்தான் போனார், கேட்க வாய் வரவில்லை.

நானும் ஒரு வருடம் கிரெடிட் கார்டில் ஒரு கிராம் காசு வாங்க வரிசையில் நின்றிருக்கிறேன். வாங்காவிட்டால் அந்த வருடம் முழுக்க ஏதோ குறையாகிவிடும் என்ற பயம்தான் காரணம். காலை பதினொரு மணி வெயில். கடை வாசலில் அறுபது வயதுக்கு மேல் இருக்கும் காவலாளி, கனத்த நீலச் சட்டையும் தொப்பியுமாக நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் கடைக்குள்ளிருந்து ஜூஸ் வந்தது. அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. என் கையிலிருந்த டம்ளரை நீட்டியிருக்கலாம். அதைத்தானே பாட்டி அந்த நாளில் செய்தார் என்பது வீட்டுக்கு வந்து காசைச் சாமி படத்தின் முன் வைத்த பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அந்த நாளில் நான் தங்கம் வாங்கியதில்லை. வாங்காத வருடங்களில் எந்தக் குறையும் வரவில்லை, பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பிள்ளையாருக்கு அருகம்புல்லும் எருக்கம்பூவும். வேலியோரம் யாரும் சீண்டாத செடிகள் அவை. களிமண்ணில் பிடித்து, பூஜை முடிந்ததும் தண்ணீரில் கரைத்தால் மிச்சமே இருக்காது. இதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வந்து சேர்ந்தது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் அதற்குத் தடை சொல்கிற நிலைமை வந்தது.

அதற்காக எதையும் வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு நாம் எடுக்கும் கைத்தறிச் சேலைதான் ஒரு நெசவாளி வீட்டுக்கும் தீபாவளி. தெருவோரம் களிமண் பிள்ளையார் பிடித்துத் தருபவரிடமும், அகல் விளக்கு விற்கும் அம்மாவிடமும் பேரம் பேசாமல் வாங்குவதை நான் தர்மத்திலேயே சேர்ப்பேன். ஆண்டு முழுக்க உழைக்கிற குடும்பம் ஒரு நாள் புதுத்துணி உடுத்தி, நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, வயிறார இனிப்பு சாப்பிடுவது ஆடம்பரமே இல்லை. எனக்குப் பயமெல்லாம் கடன் வாங்கிக் காட்டிக்கொள்வதில்தான். எங்கள் குடியிருப்பில் ஒரு தோழி கொலு வைப்பதையே நிறுத்திவிட்டார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு தொன்னை சுண்டல் என்றிருந்த தாம்பூலம், ஆளுக்கொரு ரிட்டர்ன் கிஃப்ட் என்று வளர்ந்துவிட்டது. "நான் சுண்டல் மட்டும் கொடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். அவருடைய பாட்டி காலத்து மரப்பாச்சி பொம்மைகள் மூன்று வருடமாகப் பெட்டியிலேயே இருக்கின்றன. அந்தப் பொம்மைகள் மறுபடி கொலுவில் வந்து நிற்க, நாம் எல்லோரும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். நான் போன நவராத்திரிக்குச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் மட்டும்தான் கொடுத்தேன், அவருக்குத் தெரியட்டும் என்றே.

தானத்திலும் தவறு செய்யலாம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குப் பல தீபாவளிகளுக்கு என் மகளின் பழைய துணியைத்தான் அவர் பெண்ணுக்கென்று கொடுத்திருக்கிறேன். நல்ல துணிதான், அயர்ன் பண்ணித்தான் கொடுத்தேன். ஆனால் ஒருமுறை கூட அந்தக் குழந்தை அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், எங்களுக்குத் துணி எடுக்கும் முன்பே, "பாப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "மாம்பழக் கலர்மா" என்றார். தீபாவளியன்று காலையில் அந்தப் பெண் மாம்பழக் கலர் பாவாடையில், ஓரத்தில் மஞ்சள் தடவியபடி, எங்களுக்கு அதிரசம் கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டு அதிரசம். நானும் வாங்கிக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் முதலில் அவர்கள் துணி, அப்புறம் அவருடைய போனஸ், மிச்சம் இருப்பதில்தான் எங்கள் பட்ஜெட். இந்த வரிசையை மாற்றியது ஒன்றே எங்கள் வீட்டுச் செலவைப் பாதியாக்கியது.

கையில் பணமே இல்லை என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. திருமூலர் யாவர்க்கும் முடியும் என்று சொன்ன நான்கில் ஒன்று, 'உண்ணும்போது ஒரு கைப்பிடி'. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசி என்று வலியுறுத்தியதும் இதைத்தான். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். என் கைப்பிடியைத் தராசில் போட்டுப் பார்த்தேன், ஐம்பது கிராம் சொச்சம். வருடத்துக்குப் பதினெட்டு கிலோ. எங்கள் பதினெட்டு கிலோ தைப்பூசத்துக்கு வடலூர் போகிறது. வள்ளலார் 1867 மே 23 அன்று அங்கே தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பூசத்தன்று அங்கே மூட்டையாக அரிசி இறக்குபவர்களும் உண்டு, மஞ்சள் பையில் இரண்டு கிலோ கொண்டுவருபவர்களும் உண்டு. எல்லாம் ஒரே குவியலில்தான் போய் விழுகிறது.

போன புரட்டாசியில் என் மகள், அம்மா நாமும் சொம்பு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். சென்னையில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில், எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சரி என்று கிளம்பினோம். முதல் இரண்டு வீட்டில் கதவைத் திறந்தவர்கள் முகத்தில் அந்த நொடியே ஊர் தெரிந்தது. "எங்க தாத்தா கூட்டிட்டுப் போவாரு" என்றார் ஒருவர். நான்காவது மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த ராஜஸ்தான் குடும்பம். அந்த அம்மாவுக்கு இது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனவர், முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையும் சேர்த்து பாஸ்மதி அரிசி அள்ளிக்கொண்டு வந்து போட்டார். கீழே வந்தபோது வாட்ச்மேன் தாத்தாவின் அறையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தி, அவர் முன்னால் போய்ச் சொம்பை நீட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். கட்டிலுக்கடியில் இருந்த பையைப் பிரித்து ஒரு கை ரேஷன் அரிசி எடுத்துப் போட்டார்.

மத்தியானச் சோற்றில் பாஸ்மதி நீளமாகத் தனியே நின்றது, ரேஷன் அரிசி குழைந்திருந்தது. தாத்தா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.