தாங்கமாட்டார் என்று யார் சொன்னது?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 71 வயது. கல்லீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று மருத்துவர் எங்களை மட்டும் அழைத்துச் சொன்னார். அண்ணன் அம்மாவிடம் ‘குடல் புண்’ என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேரும் அதையே சொல்லி வருகிறோம். உண்மை தெரிந்தால் தாங்கமாட்டார். நன்மை தரும் பொய்யும் வாய்மைதான் என்கிறார் வள்ளுவர் (292). எந்த நிலையிலும் பொய் கூடாது என்கிறார் ஜெர்மன் தத்துவஞானி கான்ட். எது சரி? ஒருவர் வீட்டுக்குப் பசியோடு போய்விட்டு ‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்வதும் பொய்க் கணக்கில் சேருமா?

க., ஜெலுத்தோங்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது என் அப்பாயியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில்.

‘சாப்பிட்டாச்சு’ பற்றியெல்லாம் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கான்ட்டையும் விடுங்கள். நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதியவர் அவர். உங்கள் வீட்டுக் கதவைக் கொலைகாரன் யாரும் தட்டவில்லை.

குறளை மட்டும் விடமாட்டேன். அதை நாம் எல்லோருமே சௌகரியத்துக்குப் பாதிதான் சொல்கிறோம். குற்றமில்லாத நன்மையைத் தந்தால்தான் பொய்க்கு அந்த இடம் என்று வள்ளுவர் நிபந்தனை போட்டிருக்கிறார். நன்மை வந்ததா என்று சொல்ல வேண்டியவர் யார்? அந்தப் பொய்யை நம்பி வாழ்ந்தவர்தான்.

என் தாத்தா மலாயாவில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். 1943இல் ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுத்தபோது, மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் சொல்லிக் கூட்டிப்போனார்கள். சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். காலராவும் பட்டினியுமாக அங்கே பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்கள். அந்தப் பொய்யைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. என்னைத் தூங்கவிடாதது அதற்குப் பிறகு சொன்ன பொய்.

போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய இரண்டு பேர், தாத்தாவைப் புதைத்தவர்கள். இரண்டு பிள்ளைகளோடு ஓடிவந்த அப்பாயியைப் பார்த்ததும் அவர்களுக்கு வாய் வரவில்லை. ‘பின்னால் வருகிறார்’ என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. பாவம், தாங்கமாட்டாள் என்று நினைத்து ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

அப்பாயியின் தம்பிக்குப் பினாங்கு துறைமுகத்தில் வேலை. ‘டவுனுக்கு வந்துவிடு அக்கா, பிள்ளைகளை நான் படிக்கவைக்கிறேன்’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் நகரவில்லை. ‘அவர் வந்து பார்க்கும்போது நாங்கள் இல்லாவிட்டால் எங்கே போய்த் தேடுவார்?’ என்பாள். அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பால் வாளி தூக்கப் போனார்.

அப்பாவின் கல்யாணப் பத்திரிகை எழுதும்போதுதான் விஷயம் உடைந்தது. தாத்தா பேருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா வேண்டாமா என்று பெரியவர்கள் குசுகுசுவென்று பேசியதை அவள் கேட்டுவிட்டாள். அழவில்லையாம். நேரே அந்த இரண்டு பேரின் வீட்டு வாசலுக்குப் போய், எந்த இடத்தில் புதைத்தீர்கள், என்ன காய்ச்சல், கடைசியில் தண்ணீர் கேட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். இவளையா தாங்கமாட்டாள் என்றார்கள்? அவர்கள் நல்லவர்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் கஷ்டத்திலிருந்து தங்களைத்தான் காப்பாற்றிக்கொண்டார்கள். அதற்கான விலையை என் அப்பா கொடுத்தார்.

இப்போது உங்களைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாங்கமாட்டேன் என்று அம்மாவா சொன்னார்? குடும்பத்தையே தாங்கியவரை அறைக்கு உள்ளே உட்காரவைத்துவிட்டு, வெளியே நின்று நீங்கள் மூவரும் முடிவெடுத்தீர்கள். உடம்பு அவருடையது. அவருக்குப் பார்க்க வேண்டிய தங்கை இருக்கலாம். யாருக்காவது கொடுக்க வேண்டிய நகை இருக்கலாம். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கலாம். புண்தானே, ஆறட்டும், அடுத்த தைப்பூசத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போடுவது உங்கள் பேச்சை நம்பித்தான்.

அம்மாவின் முன்னால் சிரித்துவிட்டு லிப்டுக்குள் போய் அழுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுமையும் உங்களுக்கு வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ‘எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடலாம். அது அவர் எடுத்த முடிவு. அண்ணன் தடுத்தால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.