பிசினஸ் பிஎச்டி அப்ளிகேஷன்ல "ஃபிட்" முக்கியம்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

அமெரிக்க யுனிவர்சிட்டிங்களுக்கு அப்ளை பண்றவங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இது. நீங்க ஆராய்ச்சி பண்ண நினைக்கிற விஷயமும் அங்க இருக்கிற புரொஃபசர்ங்க இப்ப பண்ணிட்டிருக்கிற வேலையும் ஒத்துப்போகுதா, அவ்ளோதான் ஃபிட்.

எம்பிஏ மாதிரி நூத்துக்கணக்குல ஆள் எடுக்க மாட்டாங்க, ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், அக்கவுண்டிங்னு ஒவ்வொரு துறைக்கும் வருஷத்துக்கு பெரும்பாலும் ரெண்டு மூணு பேர்தான், அவங்களுக்கும் ஃபீஸ் இல்லாம, கையில ஸ்டைபெண்டும் குடுத்து 5 வருஷம் பக்கத்துல வச்சு கத்துக்குடுக்கணும், அப்போ உங்க டாபிக்குக்கு கைட் பண்ண ஆளே இல்லன்னா ஜிமேட்ங்கிற நுழைவுத் தேர்வுல ஸ்கோர் எவ்ளோ இருந்தும் அவங்க என்ன பண்ணுவாங்க? நாதஸ்வர வித்வான் வீட்டு வாசல்ல போய் மிருதங்கம் கத்துக்குடுங்கன்னு நிக்கிற மாதிரிதான். உங்க திறமைல குறை இல்ல, வாசல்தான் வேற.

அதனால எஸ்ஓபிய, அதாவது ஏன் இந்தப் படிப்புன்னு அப்ளிகேஷனோட நீங்க எழுதி அனுப்புற கட்டுரைய, "சின்ன வயசுலேர்ந்தே பிசினஸ்ல ஆர்வம்"னு தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க. "மளிகைக் கடையில கடன் சொல்லி வாங்கினவங்க யுபிஐ வந்தப்புறம் செலவு பண்ற விதம் மாறிச்சா?"ன்னு ஒரு கேள்வியா வைங்க, படிக்கிறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க. டெட்லைன் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரில வரும், அதனால ஆகஸ்ட்லயே அந்த புரொஃபசர்ங்களோட ஆராய்ச்சி பேப்பரெல்லாம் படிக்க ஆரம்பிச்சிடுங்க.

ஃபிட்னா புரொஃபசரோட டாபிக்க அப்படியே எழுதுறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, கேள்வி உங்களோடதா இருக்கணும், அதுக்கு கைட் பண்ண அங்க ரெண்டு பேராவது இருக்கணும்.