ஐந்தொகை நேரானால்

அன்புள்ள அண்ணனுக்கு,

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ‘இது எனில் அது’ என்ற கூற்றுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. முதல் பாதி பொய்யாக இருந்தால், இரண்டாம் பாதி எதுவானாலும் முழுக் கூற்றும் உண்மையாம். பொய்யிலிருந்து உண்மை எப்படி வரும் என்று இரண்டு நாளாகக் கேட்டு அழுகிறாள். தர்க்கம் வந்தால் கணக்கு வரும் என்பார்கள். இவளுக்குத் தர்க்கம் வரவில்லை, அதனால் கணக்கும் வராது என்றே தோன்றுகிறது. காமர்ஸில் சேர்த்திருக்கலாம். இந்த மேல்நாட்டுச் சரக்கெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், பழைய பேரேடுகளைப் பெட்டகத்திலிருந்து எடுத்து வளவில் வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

மகளின் கேள்விக்குப் பதில் எளிது. ‘நீ பாஸானால் சைக்கிள் வாங்கித் தருவேன்’ என்கிறீர்கள். பிள்ளை ஃபெயில். மனசு கேட்காமல் வாங்கிக் கொடுத்தாலும் நீங்கள் சொல் தவறவில்லை, கொடுக்காவிட்டாலும் தவறவில்லை. பாஸாகியும் கொடுக்காமல் இருந்தால்தான் தவறினீர்கள். அட்டவணை அந்த ஒரு வரியைத்தான் பொய் என்கிறது. மற்ற வரிகளில் ‘உண்மை’ என்றால், சொன்ன சொல் முறியவில்லை என்று பொருள். அவ்வளவுதான். காமர்ஸா சயின்ஸா என்பது உங்கள் வீட்டுப் பேச்சு, நான் அதில் வரவில்லை.

என்னைச் சுட்டது வேறு வரி. ‘தர்க்கம் வந்தால் கணக்கு வரும். இவளுக்குத் தர்க்கம் வரவில்லை, அதனால் கணக்கும் வராது.’ எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! முன்னதிலிருந்து பின்னது வரவே வராது. தர்க்கம் ஒரு வழி என்றால், வேறு வழியே கிடையாது என்று யார் சொன்னது? நம் நகரத்தார் கல்யாணப் பேச்சில் இந்தத் தப்பை நீங்கள் செய்ய மாட்டீர்கள். நாம் கோயில் வாரியாகப் பங்காளிகள். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பெண் எடுப்பதில்லை. சரி, வேறு கோயில் என்றால் எடுக்கலாமா? இரணியூரும் பிள்ளையார்பட்டியும் வேறு வேறு கோயில்தான். ஆனாலும் அண்ணன் தம்பி முறை, கொடுத்து வாங்குவதில்லை. இது தெரிந்த நீங்கள், பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ‘இல்லை’ போட்டுத் தீர்ப்பு எழுதலாமா? அவள் காதுபட இதைச் சொல்லியிருந்தால் இன்றே போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். இதே ஜாதித் தப்பை நானும் செய்திருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது.

அப்போது எனக்கு 19 வயது. அப்பச்சியின் சின்ன லேவாதேவிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அன்றாடம் குறிப்பேட்டில் எழுதி, அதைப் பேரேட்டில் அவரவர் பக்கத்துக்குப் பெயர்த்து, மாசக் கடைசியில் ஐந்தொகை, அதாவது எல்லாப் பக்கத்து வரவையும் பற்றையும் கூட்டி ஒப்பிடும் கணக்கு, எடுக்க வேண்டும். வரவும் பற்றும் காசு பிசகாமல் நேர்பட்டால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். அந்த மாசம் முதல் தடவையிலேயே நேர்பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓர் ஆச்சி வந்தார். வயதானவர், தனியாக இருப்பவர். பாக்கி எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். “இருநூறு கட்டினேனே தம்பி” என்றார். பேரேட்டில் அவர் பக்கத்தில் வரவு இல்லை. முகப்பில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னேன்: “ஐந்தொகை நேரா இருக்கு ஆச்சி. கணக்குல தப்பே இல்லை. நீங்கதான் மறந்துட்டீங்க.” அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ராத்திரி அப்பச்சி கூப்பிட்டார். “ஐந்தொகை நேரா இருந்தா என்னடா தெரியும்?”

“கணக்கு சரின்னு தெரியும்.”

“தெரியாது. கணக்கு சரியா இருந்தா ஐந்தொகை நேராகும். அதைத் திருப்பிப் போடாதே. நேராகலைன்னா எங்கேயோ தப்பு இருக்கு, அது நிச்சயம். நேரானா ஒண்ணும் நிச்சயம் இல்லை. குறிப்பேட்டை எடு.”

ஒருவர் வரவை இன்னொருவர் பக்கத்தில் ஏற்றிவிட்டாலும் மொத்தம் மாறாது. ஒரு வரவு செலவை அடியோடு எழுத மறந்தாலும் மாறாது. இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டாலும் நேராகவே நிற்கும். இதெல்லாம் அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். பதினேழாம் தேதியில் அகப்பட்டது. குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே அந்த ஆச்சி கட்டிய இருநூறு. அதே பெயரில் இன்னொரு ஆச்சி இருந்தார். அவர் பக்கத்தில் ஏற்றியிருந்தேன்.

மேல்நாட்டுச் சரக்கு என்கிறீர்களே, அதற்கும் வருகிறேன். பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் நாம் என்று கல்யாண வீடுதோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பட்டினத்தில் தொடங்குகிற மணிமேகலையில் 29ஆவது காதையின் பெரும்பகுதி அளவை, அதாவது தர்க்கம், பற்றியது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, இது அன்னுவயம். நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை, இது வெதிரேகம். உங்கள் மகள் புத்தகத்தில் இரண்டு பாதியையும் இடம் மாற்றி, இரண்டுக்கும் ‘இல்லை’ போட்டால் வருவது இந்த இரண்டாவதுதான். முதலாவது உண்மையென்றால் இதுவும் உண்மை. அப்பச்சி ‘நேராகலைன்னா தப்பு நிச்சயம்’ என்றது இதைத்தான். ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று திருப்பினால்? கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை எங்கே? இப்படித் திருப்பிச் சொல்கிற குற்றத்துக்கு அந்தக் காதையிலேயே பெயர் இருக்கிறது: விபரீதான்னுவயம். புத்தகம் இதை மறுதலை என்கிறது. மறுதலை சில இடத்தில் உண்மையாகவும் இருக்கும், பிதாகரஸ் தேற்றத்துக்கு இருப்பதுபோல. ஆனால் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், சும்மா வராது.

மகள் மட்டும் தடுமாறுகிறாள் என்று நினைக்காதீர்கள். 1966இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை எழுதினார். நம் எழுத்தில் சொன்னால், மேசையில் நாலு அட்டை: அ, க, 4, 7. ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் எண். ‘உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டை எண்’ என்பது உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? படித்தவர்களிலேயே பலர் அ, 4 என்றார்கள். 4-இன் பின்னால் எது இருந்தாலும் கூற்று உடையாது. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். திருப்ப வேண்டியது அ, 7. சரியாகச் சொன்னவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. இதை மகளிடம் கொடுங்கள், விடையை முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

மறுநாள் விடியும் முன்னே அப்பச்சி என்னை அந்த ஆச்சி வீட்டுக்கு அனுப்பினார். பேரேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன். திருத்திய பக்கத்தைக் காட்டினேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் விரலை வைத்து, “இதுலயா இருக்கு என் இருநூறு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

அந்தப் பேரேடுதான் இப்போது வளவில் காய்கிறது. லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், குறிப்பேட்டையும் பேரேட்டையும் அவளிடம் கொடுக்கிறேன். அந்த மாசத்து ஐந்தொகை நேராகத்தான் இருக்கும். தப்பை அவளே கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்