சீனாவில் இறந்தவர்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பார்களாமே, உண்மையா? எப்படி நடக்கும்?

உண்மைதான். ‘மிங்ஹுன்’ என்பார்கள். மிங் என்பது இருண்ட மறுலோகம், ஹுன் என்பது கல்யாணம். யூடியூபில் காட்டுவது போல, சேராமல் போன காதலர்களின் ஆவியைச் சேர்த்து வைக்கிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். செத்துப்போன பெண்ணுக்குப் படையல் போட ஒரு வீடு தேடுவது, செத்துப்போன பையனுக்குக் குடும்பக் கல்லறையில் இடம் வாங்கித் தருவது. விஷயம் அவ்வளவுதான்.

தைவானிலிருந்து தொடங்கினால் எளிதில் புரியும். அங்கே வீட்டுப் பூஜை மேடையில் முன்னோர்களின் பெயர் எழுதிய மரப்பலகை இருக்கும். தினம் ஊதுபத்தி, விசேஷ நாளில் சாப்பாடு. அந்தப் பலகையில் இடம் ஆண் வழிக்கும், அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்களுக்கும் மட்டும். மகளின் இடம் புருஷன் வீட்டுப் பலகையில். கல்யாணமாகாமல் செத்தால் அவளுக்கு எங்கேயும் இடம் கிடையாது. ‘சிவப்பு மேடையில் அத்தையைக் கும்பிடுவதில்லை’ என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. நம் தென்மாவட்டங்களில் கன்னியாகச் செத்த பெண்ணைப் பிறந்த வீட்டிலேயே கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறோம் அல்லவா? அங்கே அடைபட்டிருப்பது அந்த வழிதான். கன்னிப் பெண்களுக்கென்று தனியாக இருக்கும் சிறு கோயிலில் கொண்டுபோய் வைக்கலாம். இல்லையென்றால் கல்யாணம் செய்து வைக்க வேண்டும்.

பெண் செத்தவுடன் யாரும் மாப்பிள்ளை தேடுவதில்லை. பல வருஷம் கழித்து வீட்டில் யாருக்காவது தீராத நோய் வரும், அல்லது கனவில் அவள் வருவாள். சாமியாடியிடம் கேட்டால் ‘பெண் கல்யாணம் கேட்கிறாள்’ என்று சொல்வார். கைக்குழந்தையாகச் செத்தவளும் மறுலோகத்தில் வளர்ந்துகொண்டே இருப்பாள் என்பது நம்பிக்கை. அதனால் உயிரோடு இருந்திருந்தால் கல்யாண வயது வந்திருக்கும் காலத்தில்தான் இந்தத் தொந்தரவு தொடங்கும்.

மாப்பிள்ளை உயிரோடு இருப்பவர். சிவப்பு உறையில் பணம், பெண்ணின் முடி, நகம், பிறந்த வருஷம், மாதம், நாள், நேரம் எழுதிய தாள் எல்லாம் வைத்துத் தெருவோரம் போட்டுவிட்டு, வீட்டார் மறைவில் நிற்பார்கள். எடுக்கிற ஆண்தான் மாப்பிள்ளை. மறுத்தால் கெட்டது நடக்கும் என்ற பயம் அவரைக் கட்டிப்போடும். தைவானுக்குப் போகிறவர்களிடம் ‘ரோட்டில் சிவப்பு உறை கிடந்தால் தொடாதே’ என்று சொல்வது இதனால்தான். ஆனால் எல்லாக் கல்யாணமும் இப்படி நடப்பதில்லை. தெரிந்த இடத்தில் பேசி முடிப்பதும் உண்டு. சில சமயம் செத்தவளின் சகோதரியுடைய புருஷனையே கேட்பார்கள். ஏற்கெனவே உறவு, ஏமாற்றிவிட மாட்டார். சீர் பெண் வீட்டார் தருவது, அதுவும் நிஜப் பணம், நிஜ நகை. வசதியில்லாத ஆண்கள் சம்மதிப்பதற்கு அது ஒரு காரணம்.

கல்யாணத்தன்று மணப்பெண் ஒரு பொம்மை. 1960களில் தெற்குத் தைவான் கிராமங்களில் செய்தது இப்படி: உடலுக்கு மரச்சட்டம், கைக்குச் செய்தித்தாள், முகத்துக்குச் சுவர்க் காலண்டரிலிருந்து வெட்டிய, சிரிக்கும் பெண்ணின் படம். மேலே கல்யாண உடுப்பு, நகை. டாக்சியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ‘வாம்மா, ஏறும்மா’ என்று உயிருள்ள பெண்ணிடம் பேசுவது போல அழைப்பார்கள். விருந்தில் அவளுக்கு நாற்காலி போடுவார்கள், சாப்பிடச் சொல்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு பொம்மையை எரித்துவிடுவார்கள். பலகை மாப்பிள்ளை வீட்டு மேடையில் ஏறும். கல்யாணத்தின் சாரமே அந்தப் பலகைதான். மாப்பிள்ளைக்கு உயிருள்ள மனைவி இருக்கலாம், பிறகும் கட்டிக்கொள்ளலாம். அந்த மனைவி இவளை அக்காவாக மதிக்க வேண்டும், அவள் பிள்ளைகள் இவளுக்கும் ஊதுபத்தி ஏற்ற வேண்டும். சட்டம் இதைத் திருமணமாகவே எடுத்துக்கொள்ளாததால் இருதார வழக்கு எதுவும் வராது.

ஆணுக்குக் கணக்கு வேறு. அண்ணன் கட்டாமல் செத்திருந்தால் தம்பி அவனைத் தாண்டிக் கட்டக் கூடாது. அதனால் தம்பி கல்யாணத்துக்கு முன் அண்ணனுக்கு ஒரு செத்த பெண்ணைப் பார்த்து முடிப்பார்கள். 1950களில் சிங்கப்பூரில் இது நடந்து பதிவாகியிருக்கிறது. இருவரும் காகிதப் பொம்மைகள், சீரும் காகிதம், கடைசியில் எல்லாம் நெருப்புக்கு. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் காகித வீடும் காரும் எரிப்பதைப் பார்த்த தமிழர்களுக்கு இது புதிதாக இருக்காது. செத்த பையனுக்குக் கல்யாணம் ஆனால்தான் சகோதரனின் மகன் ஒருவனை அவனுக்குத் தத்துப் பிள்ளையாக எழுத முடியும். சொத்தில் பங்கும் திதியும் அந்தப் பிள்ளையோடு வரும்.

தென் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில், ஷுண்டே பக்கம் பட்டுத் தொழிலில் சம்பாதித்த பெண்கள் சிலர் தாமாகவே செத்த ஆணைக் கட்டிக்கொண்டார்கள். புருஷன் தொல்லை இல்லை, செத்த பிறகு பலகைக்கு இடம் உண்டு. இதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

வடக்கே ஷான்சி, ஷான்ஷி மாகாணங்களில் பலகையோடு நிற்பதில்லை, எலும்பே வேண்டும். ஒற்றைக் கல்லறை வீட்டுக்கு ஆகாது என்பார்கள். நிலக்கரிச் சுரங்க விபத்தில் இளைஞர்கள் செத்தால் தேவை இன்னும் கூடும். தரகர் செத்த பெண்ணின் வீட்டாரிடம் பேசி, வயதும் பிறந்த நேரமும் பொருந்துகிறதா பார்த்து, விலை பேசுவார். நல்ல நாளில் ஆணின் குழியைத் திறந்து பக்கத்தில் பெண்ணின் பெட்டியை இறக்குவார்கள். பணமில்லாதவர்கள் மாவில் பெண் உருவம் பிடித்து, கறுப்பு மொச்சையைக் கண்ணாகப் பதித்துப் புதைத்ததும் உண்டு.

அந்த மாவுப் பொம்மையோடு நின்றிருந்தால் யாருக்கும் சேதமில்லை. உடல் தேவை என்று வந்தபோது கல்லறைத் திருட்டும் வந்தது. 2013இல், 10 பெண் உடல்களைத் திருடி சுமார் 2,40,000 யுவானுக்கு விற்ற நான்கு பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2016இல், உடலை விற்பதற்காகவே மனவளர்ச்சி குன்றிய இரண்டு பெண்களைக் கொன்றதாக ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. சீனக் குற்றவியல் சட்டத்தின் 302ஆவது பிரிவின்படி உடலைத் திருடினால் 3 ஆண்டு வரை சிறை. 2015 திருத்தத்தில் எலும்பும் சாம்பலும் அதில் சேர்ந்தன. சில ஊர்களில் மகளின் கல்லறைக்கு சிமென்ட் போட்டுப் பூசுகிறார்கள், இராக்காவல் இருக்கிறார்கள்.

பழக்கம் மிகப் பழையது. பண்டைய சோவ் அரசின் சடங்கு விதிகளிலேயே இதற்குத் தடை இருக்கிறது. தடை போடும் அளவுக்கு நடந்திருக்கிறது என்று அர்த்தம். கி.பி. 208இல் மகன் சாவ் சோங் 13 வயதில் செத்தபோது தளபதி சாவ் சாவ், பிங் யுவான் என்ற அறிஞரின் செத்த மகளைக் கேட்டார். முறையல்ல என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு ஜென் குடும்பத்துச் செத்த பெண்ணைச் சேர்த்துப் புதைத்தார்கள். (யானையைப் படகில் ஏற்றி எடை போட்ட சிறுவன் கதையைச் சீனர்கள் இந்தச் சாவ் சோங் பேரில்தான் சொல்கிறார்கள்.) தாங் அரச மரபின் காலத்தில் ஷியாவோ ஜிஜோங் என்ற அதிகாரி தன் செத்த மகளை வெய் பேரரசியின் செத்த தம்பிக்குக் கொடுத்தார். 710இல் பேரரசி வீழ்ந்ததும் குழியைத் தோண்டி மகளின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.