ஒரு சம்ப், இரண்டு தொட்டி: கடல்நீர்த் தொட்டி பற்றி வாசகர் கேள்விகள்

மூன்று வருடமாக ஓடும் ரீஃப் தொட்டியின் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) சம்போடு, அதாவது தண்ணீர் கீழே இறங்கிச் சுத்தமாகி பம்ப்பில் மேலேறும் அடித்தொட்டியோடு, ஃப்ராக் தொட்டி (பவளத் துண்டுகள் வளர்ப்பது) ஒன்றைச் சேர்க்கிறேன். புதியதைத் தனியாக சைக்கிள் செய்யணுமா, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை முதலில் வளர்க்கணுமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். பாக்டீரியா பழைய பாறையிலேயே இருக்கிறது. ஆனால் புதுத் தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 26 டிகிரி செல்சியஸ் என்று பழையதோடு ஒத்துப்போன பிறகே வால்வைத் திறங்கள்.

பக்கத்துத் தொட்டிக்கு எந்த பம்ப் போடலாம்? (கோவை)

தொட்டி எத்தனை லிட்டர், சம்பிலிருந்து எத்தனை அடி உயரம்? ஒன்றுமே எழுதவில்லை. ஜாதகம் தராமல் பொருத்தம் கேட்கிறீர்கள். பொதுவாக, மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல ஐந்து மடங்கு போதும். மிச்சத்தை வேவ்மேக்கர் (தொட்டிக்குள் அலை எழுப்பும் விசிறி) பார்த்துக்கொள்ளும். பம்ப் பெட்டியில் அச்சடித்திருப்பது ஹெட் (தண்ணீர் ஏற வேண்டிய உயரம்) இல்லாத கணக்கு. மோட்டார் பம்ப் ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

துளை போடாமல் வளைகுழாயால் (சைஃபன்) தொட்டியைச் சம்போடு இணைக்கலாமா? (கரூர்)

கூடாது. குழாயின் உச்சியில் காற்று சேர்ந்து ஒருநாள் ஓட்டம் அறும், தொட்டி வழியும். துளைதான் வழி. டஃபண்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியா என்று முதலில் விசாரியுங்கள். அதில் துளையிட்டால் மிஞ்சுவது தூள்.

கரண்ட் போனதும் சம்ப் நிரம்பி ஹாலெல்லாம் தண்ணீர். செக் வால்வ் (தண்ணீரை ஒரே பக்கம் விடுவது) போட்டால் சரியாகுமா? (திருப்பூர்)

ஆகாது. எத்தனை தடவை எழுதிவிட்டேன்! தோட்டத்துக் குழாயில் அதே என்.ஆர்.வி. வால்வ் நன்றாகத்தானே வேலை செய்கிறது என்பீர்கள். இது கடல்நீர். சில மாதத்தில் சுண்ணாம்பு படியும், இடுக்கில் குட்டி நத்தை ஒன்று உட்காரும், வால்வ் முழுதாக மூடாது. பம்ப் நின்றால், ரிட்டர்ன் குழாயின் (சம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்) வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை தண்ணீர் கீழே இறங்கும். நான்குக்கு இரண்டடித் தொட்டியில் ஓர் அங்குலம் ஏறத்தாழ 19 லிட்டர். மூன்று அங்குலம் இறங்கினால் 57. சம்பில் 20 லிட்டர் இடம்தான் காலி என்றால் மீதி ஹாலுக்குத்தான். இரண்டு தொட்டியும் சேர்ந்து இறங்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு ஈரக்காலோடு நிற்கும் வரை. தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தண்ணீர் தொட நாலு விரல்கடைதான் பாக்கி.

ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே வையுங்கள். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளை. மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து சைஃபன் அறும். பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். அப்புறம் பம்ப்பை நீங்களே நிறுத்திப் பாருங்கள். சம்ப் வழியவில்லையா? சரி, மறுபடி ஓடவிட்டு, சம்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள்.

புதுப் பவளத்துக்கு இந்த இரண்டாவது தொட்டியையே குவாரண்டைன் தொட்டியாக்கலாமா? (ஈரோடு)

ஒரே தண்ணீரில் குவாரண்டைன் எங்கே வந்தது?

ராமேஸ்வரத்து நண்பர் உயிருள்ள கல்பவளம் தருகிறேன் என்கிறார். (கோபி)

வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் அதுவும் இருக்கிறது.

ஆடிக் காற்றில் தண்ணீர் சீக்கிரம் குறைகிறது. உப்புநீர் ஊற்றலாமா? (உடுமலை)

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இரண்டு தொட்டிப் பரப்பு கிடைத்தால் கேட்கவா வேண்டும்! ஆட்டோ டாப்-அப் (குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள். அதன் மிதவையையும் சம்பில் போட்ட மார்க்கர் கோட்டுக்கு மேலே ஏற்றாதீர்கள்.