அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கேள்வி: வீட்டில் இடம் போதவில்லை என்று மேலே ஒரு தளம் எழுப்புகிறோம். மாடியில் அம்மாவுக்கு ஒரு அறை. கீழே நாங்களும் பிள்ளைகளும். தெரிந்த டிராஃப்ட்ஸ்மேன் நாங்கள் சொல்வதை நாலே நாளில் வரைந்து தருகிறேன் என்கிறார். ஆர்க்கிடெக்ட் பல மடங்கு பணம் கேட்பதோடு, "அம்மா ராத்திரி எத்தனை முறை எழுந்திருப்பாங்க?" என்றெல்லாம் தேவையில்லாமல் துருவுகிறார். யாரிடம் கொடுக்கலாம்?

பதில்: அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள், தம்பி? கடிதத்தில் அதைக் காணோம். உங்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் அது தேவையில்லாத கேள்வியாகப் பட்டிருக்கிறது.

10 அடி உயரம் ஏற, ஆறே முக்கால் அங்குலப் படியாக வைத்தால் 18 படி. வலிக்கிற முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. கைப்பிடியை இறுகப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று நின்று இறங்குவார்கள். பார்த்ததில்லையா? கொஞ்ச நாள் அம்மாவும் அப்படி இறங்குவார். பிறகு இறங்குவதையே விட்டுவிடுவார். சாப்பாடு தட்டில் மேலே போகும். பெற்றவளை அப்படி வைக்கவா வீடு கட்டுகிறீர்கள்?

டிராஃப்ட்ஸ்மேனைக் குறை சொல்ல மாட்டேன். முடிவான விஷயத்தை அளவு பிசகாமல் வரைந்து தருவது அவர் தொழில். மாடியில் அம்மா என்று நீங்கள் சொன்னால் மாடியில்தான் வரைவார். உங்களுக்கு வேண்டியது குறுக்கே கேள்வி கேட்கிற ஆள். ஆர்க்கிடெக்ட்டிடமே போங்கள். கையைக் கடித்தால், வடிவமைப்பை மட்டும் அவரிடம் வாங்கி, மற்ற வரைபடங்களை டிராஃப்ட்ஸ்மேனிடம் தரலாமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். யாரிடம் போனாலும், பழைய அஸ்திவாரமும் தூண்களும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரி அம்மாவின் கட்டிலிலிருந்து கழிவறை வரை விளக்குப் போடாமல் நடந்து பாருங்கள். எங்கே திரும்ப வேண்டியிருக்கிறது, எங்கே கை ஊன்றச் சுவர் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்க ஆசை என்று காலையில் அவரிடமே கேளுங்கள். "உங்களுக்கு எது வசதியோ அது" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல் மறுபடி கேளுங்கள். கீழே அவர் அறைக்கு 3 அடி அகலக் கதவு, கழிவறையில் சக்கர நாற்காலி திரும்ப 5 அடி இடம், வாசலில் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம். இதையெல்லாம் ஆர்க்கிடெக்ட் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். மாடியில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்.